செத்தவர் லைனில் இருக்கிறார்!

டெலிபோன் அடித்தது.

எடுக்க வேண்டியவர் அதன் பக்கத்திலேயே செத்துக் கிடந்தார்!

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

ஹரிஹரசுப்பிரமணியன். ஐந்தருவி போகிற ரோட்டில் பங்களா, செங்கோட்டைக்கு மேலே மலையில் கிராம்புத் தோட்டம், தென்காசியில் மரக்கடை. மர ஏலத்தில் அவர் தொண்டையைத் திறந்தால் எதிரே ஏலம் கேட்பவனுக்கு விலை மறந்துபோகும். அப்பேர்ப்பட்ட தொண்டை, 1984 ஜூலை மாதத்துச் சாரல் காலை ஒன்றில், சாய்வு நாற்காலியில் கம்மென்று கிடந்தது.

"எடுக்கட்டா சின்னய்யா?" என்றான் காவல்காரன் சுடலையாண்டி.

"எடுத்து என்னலே சொல்லப் போற? 'பெரியய்யா செத்துட்டாரு, பொறவு கூப்பிடுங்க'ன்னா?"

போன் தானாக ஓய்ந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவன் காந்திமதிநாதன். இறந்தவரின் தங்கை மகன். சொந்தமென்று மிச்சமிருக்கிற ஒரே உருப்படி. காலையில் காபி கொண்டுவந்தான், மாமாவின் கையைத் தொட்டான், ஜில்லென்றிருந்தது. அழலாம் என்று நினைத்தான். அதற்குள் உயில் ஞாபகம் வந்து தொலைத்தது.

"ஹார்ட்டு நின்னிருக்கும்லே. அது கெடக்கட்டும். இப்ப ஊருக்குச் சொன்னா வக்கீல் சுப்புராமன் உயிலைத் தூக்கிட்டு வந்துருவான். அதுல எனக்கு ஒத்தக் கிராம்பு கூடக் கெடையாது. எல்லாம் தர்ம டிரஸ்ட்டுக்கு!"

"டிரஸ்ட்டுன்னா யாரு சின்னய்யா?"

"சாட்சாத் அந்த வக்கீல்தாம்லே!"

"பெரியய்யா உயில மாத்தப் போறதா சொன்னாவளே?"

"சொன்னாரு. வக்கீல்கிட்டயே சொன்னாரு. மாத்துததுக்கு முன்னால போய்ச் சேந்துட்டாரு!"

காந்திமதிநாதன் நடந்தான். நின்றான். முகத்தில் ஒரு சிரிப்பு மெதுவாக ஏறியது.

"சாயந்திரம் அஞ்சு மணிக்கு வக்கீல் போன் பண்ணுவான். தினமும் பண்ணுதவன்தான். மாமாவே லைன்ல வந்து, 'உயிலைக் கிழிச்சுப் போடும்'னு சொன்னா? உயில் இல்லைன்னா சொத்தெல்லாம் ஒரே சொந்தமான எனக்குத்தாம்லே! பத்து வருஷமா மாமா போன்ல சொன்னதைத்தான அந்த ஆளு செய்யுதான்?"

சுடலையாண்டி பிணத்தைப் பார்த்தான். சின்னய்யாவைப் பார்த்தான்.

"கோட்டி பிடிச்சிருச்சா ஒங்களுக்கு? செத்தவரு எப்படிப் பேசுவாரு?"

காந்திமதிநாதன் விரலை உயர்த்தி மாடியைக் காட்டினான்.

"அந்தப் புள்ள பேச வைக்கும்!"

* * *

வேதா தென்காசிப் பெண். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் எஞ்சினீயர். கம்ப்யூட்டரைப் பேச வைப்பது வேலை. வீட்டில் அதை இன்னும் யாரும் நம்பவில்லை. 'ரேடியோ ரிப்பேர்' என்றுதான் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவருகிறார்கள்.

பெரியவருக்குத் தொண்டையில் புற்று. அடுத்த மாதம் மெட்ராஸில் ஆபரேஷன். அதற்கப்புறம் குரல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். 'என் குரலை ஒரு மெஷினுக்குள்ள பிடிச்சு வைக்க முடியுமாம்மா?' என்று கேட்டு அவர்தான் வேதாவை வரவழைத்தார். கம்ப்யூட்டரும் டேப் ரெக்கார்டரும் மாடிக்கு ஏறின. அவர் தினமும் பேப்பரைச் சத்தமாக வாசித்தார், அவள் பதிவு செய்தாள்.

இப்போது அவளைக் கீழே கூட்டிவந்து நாற்காலியைக் காட்டினான் காந்திமதிநாதன்.

வீல் என்று கத்தினாள் வேதா!

"கத்து. நல்லாக் கத்து. ஐந்தருவி உன்னைவிடச் சத்தமாக் கத்துது, யாருக்கும் கேக்காது. முடிச்சிட்டியா? இப்ப வேலையைப் பாப்போம்."

"என்... என்ன வேலை?"

"மாமா குரல் உன் பொட்டிக்குள்ள இருக்குல்லா? அஞ்சு மணிக்கு வக்கீல் போன் பண்ணும்போது 'உயிலைக் கிழிச்சுப் போடும்'னு அது சொல்லணும்."

"அவர் அப்படி எங்கயும் பேசலை அண்ணாச்சி! டேப்ல இருக்கது பேப்பர் சேதி! நெல்லு விலை, மந்திரி விஜயம், கபடிப் போட்டி!"

"பேசாததைப் பேச வைக்கத்தான நீ படிச்சிருக்க?"

மறுபடி மாடி. கதவைச் சாத்தினான். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

ஜன்னலில் இரும்புக் கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் பள்ளம், பாக்கு மரம், மழை. மனுஷ வாடையே இல்லை. வேதா கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அந்தக் காலத்து இரும்பு, அசையவா செய்யும்?

கதவுக்கு வெளியே குரல்கள் கேட்டன.

"போன் பேசி முடிச்சதும் புள்ளைய என்ன செய்ய சின்னய்யா?"

"அருவிக்கு மேல கூட்டிட்டுப் போ. பாறை வழுக்கும். சீசன்ல யாராவது விழத்தான செய்யுதாங்க? மாமாவுக்கு நாளைக்குத்தான் ஹார்ட் அட்டாக். அதுவரைக்கும் வாயைத் தொறக்காத!"

வேதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வேலையை முடித்தால் சாவு. முடிக்காவிட்டால் இப்போதே சாவு. அம்மா ஞாபகம் வந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு மூச்சு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கம்ப்யூட்டரைப் போட்டாள்.

* * *

"எப்படிட்டி செய்யுத? எனக்குப் புரியுத மாதிரி சொல்லு. ஏமாத்துனா தெரிஞ்சிரும்." காந்திமதிநாதன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். மடியில் அரிவாள்.

"மனுஷக் குரல் சட்டுன்னு மாறாது அண்ணாச்சி. இப்ப வந்த சத்தத்தை வெச்சே அடுத்து வரப்போற சத்தத்தைக் கணிச்சிரலாம். முந்தி வந்த பத்துச் சத்தம்... ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண்ணு. பெருக்கிக் கூட்டினா அடுத்தது வந்துரும்."

"பத்து எண்ணா?"

"பத்துதான். உங்க மாமா தொண்டை, நாக்கு, மூக்கு எல்லாம் அந்தப் பத்துக்குள்ள அடங்கிரும். ஆனா பேசப் பேச வாய் மாறுதுல்ல? அதனால ஒரு செகண்டை ஐம்பது துண்டா வெட்டி, துண்டுக்குப் பத்து எண்ணு கண்டுபிடிக்கணும். பொறவு எந்தத் துண்டை எங்க வேணும்னாலும் ஒட்டிக்கலாம். குரலை ஏத்தலாம், இறக்கலாம்."

"கணிப்பு தப்பினா?"

"தப்பும். கணிச்சது போக மிச்சம்னு ஒண்ணு எப்பவும் இருக்கும். அதுலதான் புதுச் சேதியே இருக்கு. கணிக்க முடிஞ்சது எல்லாம் பழைய கதை."

"இந்த வியாக்கியானம் எல்லாம் எனக்கு எதுக்கு? அஞ்சு மணிக்குள்ள முடியுமா, முடியாதா?"

வேதா திரையைப் பார்த்தாள்.

"துண்டுக்குப் பத்து சமன்பாடு. இந்தக் கம்ப்யூட்டர் ஆமை. உயிரைக் குடுத்து ஓட்டினா... அஞ்சு மணிக்குச் சரியா இருக்கும்."

பொய்!

பத்துச் சமன்பாட்டையும் ஒரேயடியாக மோதித் தீர்த்தால்தான் அவ்வளவு நேரம். அந்தச் சமன்பாடுகளின் எண்களை அடுக்கிய அட்டவணையில் ஒரு விசேஷம் உண்டு. ஒவ்வொரு வரிசையும் முந்தின வரிசையே ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதை வைத்து லெவின்சன் என்கிற புண்ணியவான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்துவிட்டுப் போயிருந்தார். முதலில் ஒரே ஒரு எண்ணால் கணித்தால் என்ன விடை என்று பார். அந்த விடையைத் தலைகீழாகப் போட்டு, கொஞ்சம் திருத்து, இரண்டு எண்ணுக்கான விடை வந்துவிடும். இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து நான்கு. பத்துக்குப் போய்ச் சேரும்வரை செய்த வேலை எதுவும் வீணாவதில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே உயில் வாக்கியம் தயார்!

அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். திரையில் சும்மா எண்களை ஓட விட்டாள். காந்திமதிநாதன் அதைப் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

கையில் நாலு மணி நேரம். வெளியே போக வழியில்லை. உள்ளே இருந்து வெளியே போகப் போவது ஒன்றே ஒன்று... செத்தவரின் குரல்!

அவன் சாப்பிடக் கீழே போன சமயத்தில் வேதா இன்னொரு வாக்கியம் செய்தாள். கடைசி விசையில் அதை ஒளித்து வைத்தாள்.

'என்னைக் கொன்னுட்டான் காந்திமதி.'

அவன் ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

"அண்ணாச்சி, ஒரே வாக்கியம் போதாது. வக்கீல் ஏதாவது கேட்டா பதில் வேணும்லா? 'ம்', 'சரி', இது ரெண்டும் போட்டிருக்கேன். வேற என்ன கேப்பாரு?"

காந்திமதிநாதன் சிரித்தான்.

"நீ தென்காசிக்காரிதானட்டி? சீசன்ல குற்றாலத்துக்குப் போன் போடுதவன் முதல்ல என்ன கேப்பான்? 'அருவில தண்ணி விழுதா?' சாவுச் சேதி சொல்லக் கூப்பிடுதவன் கூட முதல்ல தண்ணியத்தான் கேப்பான்! வக்கீலும் தினம் அதைத்தான் கேக்கான்."

"அப்ப 'தண்ணி நல்லா விழுது'ன்னு ஒண்ணு போட்டுருதேன்."

"போடு. இப்ப எல்லாத்தையும் ஒரு தடவை ஓட்டிக் காட்டு."

எல்லாத்தையும் என்றானே! கடைசி விசையை மட்டும் விட்டுவிட்டு, முதலாவதை அழுத்தினாள்.

ஸ்பீக்கர் கரகரத்தது. பிறகு...

"உயிலைக் கிழிச்சுப் போடும்!"

அதே அதட்டல். ஜலதோஷம் பிடித்த மாதிரி ஒரு இழுப்பு, அவ்வளவுதான். புற்று வந்த தொண்டைக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

வாசலில் டமார் என்று ஒரு சத்தம். சுடலையாண்டியின் கையிலிருந்த கம்பு விழுந்திருந்தது.

"பெரியய்யா எந்திச்சுட்டாரு...! ஆத்தீ! என்னைய விட்ருங்க சாமீ!"

"ஏலே சுடல! மெஷின்லே அது! நில்லுலே மூதி!"

மூதி நிற்கவில்லை. பண்பொழி பக்கம் திரும்புகிற வரைக்கும் ஓட்டம்தான் என்று பின்னால் கேள்வி.

காந்திமதிநாதன் அரிவாளை இறுக்கிப் பிடித்தான்.

"அவன் போனா போறான். நான் ஒருத்தன் போதும்."

* * *

ஐந்து மணி.

கீழே கூடத்தில் மெஷினை இறக்கி வைத்திருந்தார்கள். நாற்காலியில் பெரியவர் மேல் ஒரு போர்வை.

"நான் ரிசீவரை உன் ஸ்பீக்கர்கிட்ட பிடிச்சுக்கிடுதேன். அவன் பேசுதது உனக்கு எப்படிக் கேக்கும்?"

"போன்ல ஒட்டுத மைக் இருக்கு. அது ரெக்கார்டர் வழியா என் ஹெட்போனுக்கு வரும். கேட்டாத்தான சரியான விசையை அழுத்த முடியும்? நீங்க மூச்சு விடக் கூடாது. விட்டா அவருக்கும் கேக்கும்."

ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. டேப் சுற்றியது. அதை அவன் கவனித்தானா? அவன் அரிவாளை எந்தக் கையில் வைத்துக்கொள்வது என்ற யோசனையில் இருந்தான்.

ட்ரிங்...!

வேதாவின் விரல் கடைசி விசையின் மேல் போய் நின்றது. வக்கீல் 'ஹலோ' என்றதும் அழுத்திவிட வேண்டும். அழுத்தினால் அரிவாள் பாயும். ஆனால் உண்மை வெளியே போய்விடும். முருகா, பண்பொழி மலை முருகா!

காந்திமதிநாதன் ரிசீவரை எடுத்து ஸ்பீக்கரில் வைத்தான்.

ஹெட்போனில் மூச்சுச் சத்தம். யாரோ திக்கித் திணறுகிற மூச்சு.

"ஹ... ஹலோ? யாரு... யாரு பேசுதது?"

வேதாவின் விரல் நின்றது.

தண்ணி விழுதா என்று கேட்கவில்லை!

தினமும் கேட்கிற மனுஷன். தென்காசிக்காரன். ஜூலை மாசம். முதல் கேள்வியே வேறு! கணிப்பு தப்பிவிட்டது. தப்பின இடத்தில்தானே சேதி? இந்த வீட்டில் போனை எடுக்கப் பெரியவரை விட்டால் வேறு யார்? பிறகு இவர் ஏன் நடுங்குகிறார்?

கடைசி விசையை விட்டாள். முதல் விசை.

"உயிலைக் கிழிச்சுப் போடும்!" என்றார் செத்தவர்.

மறுமுனையில் எதுவோ கீழே விழுந்து உடைந்தது.

"அ... அண்ணாச்சி? நீங்களா? நீங்க... நேத்து நான் குடுத்த லேகியம் சாப்பிடலையா?"

வேதா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். 'ம்' விசையை அழுத்தினாள்.

"ம்."

"சாப்பிட்டீங்களா? முழுசுமா?"

"ம்."

"அப்ப எப்படி...! ஒரு ஸ்பூனுக்கே ஆளு எந்திரிக்க மாட்டானே! அண்ணாச்சி... அண்ணாச்சி, என்னை மன்னிச்சிருங்க! நீங்க உயில மாத்துனா டிரஸ்ட்டுக் கணக்கெல்லாம் வெளிய வந்துரும், நான் ஜெயிலுக்குப் போகணும்... அந்தப் பயத்துல புத்தி கெட்டுக் குடுத்துட்டேன்! போலீசுக்குச் சொல்லிராதீங்க! நான் இப்பவே வாரேன், கால்ல விழுதேன், அங்கனயே இருங்க!"

"சரி," என்றார் செத்தவர், மரியாதையாக.

லைன் அறுந்தது.

* * *

காந்திமதிநாதனுக்கு மறுமுனை ஒரு எழுத்தும் கேட்கவில்லை. மாமா 'ம்' என்றதும் 'சரி' என்றதும்தான் கேட்டது. துள்ளிக் குதித்தான்.

"கிழிக்கேன்னுட்டானா?"

"இப்பவே வாராராம்."

"எதுக்குட்டி வாரான்? வரட்டும், மாமா தூங்குதாருன்னு வாசல்லயே அனுப்பிருதேன். அதுக்கு முன்னால உன் கணக்கை முடிக்கணும். நட!"

"நடக்கேன் அண்ணாச்சி. முதல்ல இதைக் கேளுங்க."

வேதா டேப்பைப் பின்னால் ஓட்டி விசையைத் தட்டினாள்.

லேகியம் வந்தது. ஸ்பூன் வந்தது. மன்னிப்பு வந்தது.

காந்திமதிநாதன் திரும்பினான். போர்வைக்கு அடியில் கிடந்த மாமாவைப் பார்த்தான். நேற்று வரைக்கும் 'ஏலே மாப்ள' என்று கூப்பிட்ட மனுஷன். முதல் தடவையாக அவன் கண்ணில் நீர் முட்டியது.

"படுபாவி... கொன்னுட்டானா? ஹார்ட்டுன்னுல்லா நெனச்சேன்!"

"நானும் நீங்கதான் கொன்னீங்கன்னு நெனச்சேன். ஊரும் அப்படித்தான் நெனைக்கும். வக்கீல் கார்ல வந்துட்டு இருக்காரு. பிணத்தைப் பாத்ததும் 'கொலைகாரன்'னு முதல்ல கத்தப் போறது அவர்தான். செத்தவரைக் காலைல இருந்து போர்வையப் போட்டு மறைச்சது யாரு? உயில் கிழிஞ்சா லாபம் யாருக்கு? கையில அரிவாளோட நிக்கது யாரு?"

அரிவாளை அவசரமாகக் கீழே போட்டான்.

"டேப் இருக்குல்லா! அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்ல! டேப்பைக் குடு!" பறித்துக்கொண்டான். கண்ணில் பழைய வெறி மறுபடி எட்டிப் பார்த்தது. "டேப் எங்கிட்ட இருக்கு. அப்ப நீ எதுக்கு?"

வேதா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். இந்த நாள் முழுக்க அவள் செய்ததிலேயே நிதானமான காரியம் அதுதான்.

"தாராளமா எடுத்துக்கிடுங்க. கோர்ட்டுல போட்டுக் காட்டுங்க. அதுல உங்க மாமா குரலும் இருக்கு. 'ம்'ங்குதாரு, 'சரி'ங்குதாரு. காலைலயே செத்தவரு சாயந்திரம் எப்படிப் பேசுனாருன்னு ஜட்ஜ் கேப்பாரு. நீங்க என்ன சொல்லுவீங்க?"

"மெஷின்னு சொல்லுவேன்!"

"எப்படின்னு கேப்பாரு. அந்தப் பத்து எண்ணு எங்கருந்து வந்துதுன்னு கேப்பாரு. ஓட்டிக் காட்டச் சொல்லுவாரு. ஓட்டத் தெரியுமா?"

காந்திமதிநாதன் மெஷினைப் பார்த்தான். அதில் எந்த விசை எதற்கு என்று அவனுக்குத் தெரியாது.

"அவரு பேசலைன்னு நிரூபிக்கலைன்னா சாயந்திரம் வரைக்கும் உயிரோட இருந்தாருன்னு ஆயிரும். அப்ப லேகியம் கொல்லலை. அஞ்சு மணிக்கு மேல கூட இருந்த நீங்கதான் கொன்னீங்க. டேப்பு உங்க கழுத்துக்குக் கயிறு அண்ணாச்சி. அதை அவுக்கத் தெரிஞ்ச ஆளு இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்திதான். எனக்கு இன்னைக்கு ஒரு சின்னக் கீறல் விழுந்தாக்கூட நட்டம் உங்களுக்குத்தான்."

மழை ஓட்டில் அடித்தது. காந்திமதிநாதனுக்கு வியர்த்தது.

கதவைப் பார்த்தான். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் தூக்கு. இந்தப் பக்கம் ஒரு பிணமும், அவன் கொல்ல நினைத்த பெண்ணும். வேறு போக்கிடமே இல்லை. காலையிலிருந்து அவள் நின்ற இடத்தில் இப்போது அவன் நின்றான்.

"தாயீ..." என்றான் மெதுவாக. காலையிலிருந்து போட்ட 'ட்டி' எங்கே போனதோ! "உக்காருங்க. தண்ணி குடிக்கியளா? நான்... நான் என்ன செய்யணும்?"

"வக்கீல் வாரதுக்கு முன்னால போலீசுக்குப் போன் போடுங்க. என்னை அடைச்சு வெச்சதையும் சேத்தே சொல்லுங்க. மறைச்சா நானே சொல்லுவேன்."

"ஜெயில்ல போடுவாங்களே!"

"போடத்தான் செய்வாங்க. கொஞ்ச வருஷம் களி தின்னுட்டு உசுரோட வெளிய வரலாம். தூக்குன்னா அந்த வசதி கெடையாது."

வெளியே தூரத்தில், தென்காசி ரோட்டுப் பக்கமிருந்து ஒரு கார் ஹாரன் கேட்டது. காந்திமதிநாதன் பாய்ந்து போய் டயலைச் சுழற்றினான். மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ, குற்றாலம் போலீஸ் ஸ்டேஷன்! தண்ணி நல்லா விழுது, குளிக்க மட்டும் தடை! வேற என்ன வேணும்?"

காந்திமதிநாதன் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தான். அதுவும் காற்று!

பரிதாபமாகத் திரும்பி வேதாவைப் பார்த்தான்.

வேதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"நீங்களே பேசுங்க அண்ணாச்சி! என் மெஷின் செத்தவங்களுக்காக மட்டும்தான் பேசும்... உயிரோட இருக்கிறவன் பொய்யெல்லாம் பத்து எண்ணுக்குள்ள அடங்காது!"